கூதிர்கால ஏரியில் பருந்துக் கணக்கு

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ் மரபில் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை சென்னையின் ஏரிகளை நிரப்பும் இந்த இரண்டு மாதங்களில், வடக்கிலிருந்து வலசை வரும் பருந்துகளும் கழுகுகளும் வல்லூறுகளும் அந்த ஏரிகளை வந்தடைகின்றன. பிற உயிர்களை வேட்டையாடி உண்பதால் இவற்றுக்கு இரைகொல்லிப் பறவைகள் என்று பொதுப்பெயர். ஓர் ஏரியில் இவை எத்தனை வந்தன, எப்போது வந்தன, எவ்வளவு நாள் தங்கின என்று ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணிப் பதிவு செய்வதே இரைகொல்லிக் கணக்கெடுப்பு. கேட்பதற்கு எளிதான வேலை. செய்யும்போதுதான் அதன் நுட்பம் விளங்கும். வாத்துகளைப் போல இவை நீரில் கூட்டமாக மிதந்து காட்சி தருவதில்லை. ஒரு பறவை ஏரி முழுவதையும் சுற்றி வந்து நான்கு பறவைகளாகத் தோன்றும். நான்கு பறவைகள் கோரைக்குள் இறங்கி அமர்ந்து ஒன்றுகூட இல்லாதது போலவும் தோன்றும்.

நிலமும் நீரும்

பூந்தமல்லிக்குக் கிழக்கே, கூவத்துக்குத் தெற்கே அமைந்தது நூம்பல். இன்று சென்னையின் மேற்குப் புறநகராக வளர்ந்துவிட்ட இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஏரிப்பாசன நிலம். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் மழைநீரை அப்படியே கடலுக்கு விடாமல் கரை கட்டித் தேக்கினார்கள். தென்மேற்கில் செம்பரம்பாக்கம், தென்கிழக்கில் போரூர், கூவத்தைத் தாண்டி வடக்கே அயனம்பாக்கம், இன்னும் வடமேற்கே ஆவடியின் பருத்திப்பட்டு என ஏரிகள் இந்த வட்டாரத்தைச் சூழ்ந்திருக்கின்றன. இவற்றுள் பெரியது செம்பரம்பாக்கம். அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது.

இரைகொல்லிப் பறவையின் பார்வையில் ஏரி என்பது நீர் மட்டும் அன்று. கரையோரத்துச் சம்பும் கோரையும், உள்வாயின் சேற்றுமேடும், கரைக்கு வெளியே எஞ்சியிருக்கும் வயலும் தரிசும், நடுவே நிற்கும் பட்டமரமும் சேர்ந்ததே அதன் வேட்டைக்களம். சம்புக்குள் நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் இருக்கும். சேற்றில் உள்ளான் மேயும். வயலில் எலியும் தவளையும் வெட்டுக்கிளியும் கிடைக்கும். இந்த நான்கு பகுதிகளில் ஒன்று குறைந்தாலும் அதைச் சார்ந்த பறவை வருவதை நிறுத்திக்கொள்ளும். இரைகொல்லிகளின் எண்ணிக்கையை ஏரியின் நலத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால், கீழே மீனிலோ எலியிலோ பூச்சியிலோ நேரும் மாற்றம் எதுவும் கடைசியில் இவற்றை வந்து சேர்கிறது.

உள்ளூர்ப் பறவையும் விருந்தாளியும்

கணக்கெடுப்பின் முதல் வேலை, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவைகளையும் வலசை வருபவற்றையும் பிரித்தறிவது. கள்ளப்பருந்து என்றும் கரும்பருந்து என்றும் சொல்லப்படும் பிளவுபட்ட வாலுள்ள பறவை, வெண்தலையும் செம்மேனியும் கொண்ட செம்பருந்து, மரத்தோப்புகளில் ஓணான் பிடிக்கும் வைரி, வயலின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்து ஆகியவை உள்ளூர்வாசிகள். எந்த மாதத்தில் ஏரிக்கரையில் நின்றாலும் இவற்றில் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

வலசை வருபவற்றில் சென்னை ஏரிகளுக்கு மிகவும் உரியது சேற்றுப் பூனைப்பருந்து. ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரையிலான நாணற்காடுகளில் இனப்பெருக்கம் செய்யும் இந்தப் பறவை, குளிர்காலத்தை இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கழிக்கிறது. வடக்குக் கஜகஸ்தானின் புல்வெளியிலிருந்து சென்னை வரை நேர்கோட்டில் அளந்தாலே தூரம் 4,000 கிலோமீட்டரைத் தாண்டும். இதன் உறவினர்களான மான்டேகு பூனைப்பருந்தும் வெளிர்நிறப் பூனைப்பருந்தும் நீரைவிடப் புல்வெளியையும் புன்செய் வயலையும் விரும்புகின்றன. ஆயினும் ஏரியை ஒட்டிய தரிசு நிலங்களில் இவையும் தட்டுப்படலாம்.

மீனை மட்டுமே நம்பி வாழ்வது விராலடிப்பான். விரால் மீனை அடிப்பதால் தமிழில் இந்தப் பெயர். காலை முன்னே நீட்டி நீரில் பாயும் இதன் உள்ளங்கால் முழுவதும் கூரிய முட்செதில்கள் உண்டு. வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்பிக்கொள்ளவும் இதற்கு முடியும். வழுக்கும் மீன் பிடியிலிருந்து நழுவாதிருக்க இந்த இரண்டும் துணை. ஆர்க்டிக் தூந்திரத்திலிருந்து வரும் பொரி வல்லூறு உயர்மின் கோபுரங்களில் அமர்ந்து, உள்ளான் கூட்டத்தின் மீது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் பாயும். கால்விரல் வரை இறகு மூடிய பூட்டட் கழுகு, உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பெரும்புள்ளிக் கழுகு ஆகியவையும் தமிழகத்துக்கு வரும் குளிர்கால விருந்தாளிகள்.

சிறகின் அமைப்பும் பயண வழியும்

ஒவ்வோர் இனமும் பயணம் செய்யும் விதம் அதன் சிறகைப் பொறுத்தது. கழுகுகளுக்கு அகன்ற சிறகு. அவற்றை அடித்துப் பறப்பதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். அதனால் வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, உச்சியிலிருந்து அடுத்த வெப்பக்காற்றை நோக்கிச் சறுக்கிச் செல்கின்றன. நீர்ப்பரப்பின் மேல் பகலில் இத்தகைய காற்று வலுவாக எழுவதில்லை. எனவே கழுகுகள் ஏரியின் நடுவைத் தவிர்த்து, சுற்றியுள்ள காய்ந்த நிலத்தின் மேல் வட்டமிடும். மேகம் மூடிய நாளில் தரை சூடேறாது. அன்று கழுகுகள் மரத்திலேயே அமர்ந்திருக்கும். கூதிர்காலத்தில் அடைமழைக்குப் பிறகு வெயில் எறிக்கும் முதல் நாள் கழுகு பார்ப்பதற்கு ஏற்றது என்பதன் காரணம் இதுதான்.

பூனைப்பருந்துகளின் சிறகு நீண்டது, ஒப்பீட்டளவில் குறுகலானது. இவை வெப்பக்காற்றையும் பயன்படுத்தும்; அது கிடைக்காதபோது சிறகடித்தும் பறக்கும். ஆகவே கடலையும் பாலையையும் கடப்பதற்கு இவை தயங்குவதில்லை. கூர்ச்சிறகுள்ள வல்லூறுகளும் அப்படியே. இந்தத் திறத்தின் எல்லையைக் காட்டுவது அமூர் வல்லூறு. புறா அளவே உள்ள இந்தப் பறவை கிழக்குச் சைபீரியாவிலும் வடக்குச் சீனாவிலும் கூடு கட்டுகிறது. கூதிர்காலத்தில் வடகிழக்கு இந்தியாவில் இறங்கி இரை தேடி உடலைத் தேற்றிக்கொண்டு, தீபகற்ப இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலின் மேல் சுமார் 3,000 கிலோமீட்டர் தூரத்தை இடைநில்லாமல் பறந்து ஆப்பிரிக்காவை அடைகிறது. அதே பருவத்தில் அதே திசையில் கடலைக் கடக்கும் தட்டான்களை இது வழியுணவாகக் கொள்ளக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பார்த்தவுடன் அறிவது எப்படி

தொலைவில் பறக்கும் பறவையின் நிறம் பெரும்பாலும் தெரியாது. எனவே உருவமும் பறக்கும் முறையுமே முதல் அடையாளம். சிறகுகளை ஆழமற்ற V வடிவில் உயர்த்தி, சம்பின் தலையை உரசுவது போலத் தாழப் பறந்து, சில அடிப்புக்குப் பின் சறுக்கினால் அது பூனைப்பருந்து. சிறகை மணிக்கட்டில் வளைத்து, கடற்காகத்தைப் போல M வடிவில் பிடித்திருந்தால் விராலடிப்பான். சிறகைப் பலகை போல விரித்து விரல் போன்ற இறகுகளைப் பிரித்துக்கொண்டு உயரத்தில் வட்டமிட்டால் கழுகு. கூர்ச்சிறகும் விரைந்த அடிப்பும் வல்லூறுக்கு உரியவை. வால் பிளந்திருந்தால் உடனே கள்ளப்பருந்து என்று ஒதுக்கிவிடலாம். கற்றுக்குட்டிகளின் கணக்கை மிகவும் குழப்புவது இதுவே என்பதால், புதியவர்கள் முதல் சில நாள்களைக் கள்ளப்பருந்தை எல்லாக் கோணத்திலும் பார்த்துப் பழகுவதற்கே ஒதுக்குவது நல்லது.

அடுத்து இறகின் நிறம். வளர்ந்த ஆண் சேற்றுப் பூனைப்பருந்தின் சிறகில் பழுப்பு, சாம்பல், கருமை என மூன்று நிறங்கள் தெளிவாகத் தெரியும். பெண்ணும் இளம்பறவையும் கரும்பழுப்பு. தலையில் மட்டும் வெளிர்மஞ்சள் படிந்திருக்கும். பெண்ணின் தோள்பகுதியிலும் அந்த வெளிர்நிறம் பெரும்பாலும் காணப்படும். தொலைவில் இந்த வேறுபாடு புலப்படாதபோது, கணக்கில் ‘வளர்ந்த ஆண்’, ‘பழுப்பு நிறம்’ என்று இரண்டே பிரிவு வைப்பது நேர்மையான வழி. மான்டேகு, வெளிர்நிறப் பூனைப்பருந்துகளின் பெண்களையும் இளம்பறவைகளையும் பிரிப்பது இன்னும் கடினம். இரண்டுக்கும் வாலடியில் வெண்பட்டை உண்டு. வாலில் வளையங்கள் உண்டு. முகத்தின் கோலத்தையும் சிறகு நுனியையும் அருகில் பார்த்தால் ஒழிய இனத்தை உறுதி செய்ய இயலாது. அப்போது ‘இனம் தெரியாத பூனைப்பருந்து’ என்று எழுதுவதே முறை. ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பின்னால் வரும் எந்த ஆய்வாலும் திருத்த முடியாது. தெரியாதது என்று எழுதிய பதிவோ என்றைக்கும் உண்மையாகவே நிற்கும்.

பகல் கணக்கு

கணக்கெடுப்புக்கு வேண்டிய கருவிகள் சில: 8 மடங்கோ 10 மடங்கோ பெருக்கும் இருகண் நோக்கி, முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி, கையில் அழுத்தி எண்ணும் எண்ணி, கடிகாரம், குறிப்பேடு. இவற்றைவிட முக்கியமானது நிற்குமிடம். ஏரிக்கரையின் உயரமான ஓரிடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். காலையில் வெயில் முதுகில் விழும்படி கிழக்குக் கரையில் நின்றால் பறவையின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவைகளும் கருநிழலே.

காலைப்பொழுதின் முதல் இரண்டு மணி நேரம் பூனைப்பருந்துகளுக்கு உரியது. தரை சூடேறும் 9 மணிக்கு மேல் கழுகுகள் எழும். பார்வைப் பரப்பைக் கரைமரம், மதகு, கலங்கல், மின்கோபுரம் போன்ற நிலையான அடையாளங்களைக் கொண்டு சில பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பகுதியையும் முதலில் வெறுங்கண்ணாலும், பிறகு இருகண் நோக்கியாலும் துழாவ வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் நேரம், இனம், வயது, பால், பறந்த திசை, உயரம் ஆகியவை குறிக்கப்படும். மேகம், காற்று, மழை, ஏரியின் நீர்மட்டம் ஆகியவற்றை மணிக்கொரு முறை எழுத வேண்டும்.

கண்ணுக்கு முன்பே செய்தி சொல்வது பிற பறவைகள். நீரில் அமைதியாக மிதந்த நீலச்சிறகிக் கூட்டம் ஒரே வீச்சில் எழுந்தால் மேலே வல்லூறோ கழுகோ வந்திருக்கிறது என்று பொருள். காகங்கள் கூட்டமாகக் கத்தித் துரத்தும் இடத்தில் பெரும்பாலும் ஓர் இரைகொல்லி இருக்கும். நாமக்கோழிகள் நெருக்கமாகக் கூடி நீரை அடித்தால் பூனைப்பருந்து தலைக்குமேல் தாழப் பறக்கிறது என்று அறியலாம்.

ஒரே வெப்பக்காற்றில் பல பறவைகள் சேர்ந்து வட்டமிடும்போது அவற்றை அந்த நிலையில் எண்ணக் கூடாது. சுழலும் கூட்டத்தில் முன்னே சென்றது பின்னே வரும், எண்ணிக்கை தவறும். உச்சியை அடைந்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் சறுக்கத் தொடங்கும். அந்த வரிசையை எண்ணுவதே சரியான முறை. ஜார்ஜியா நாட்டின் பாத்துமியில் கருங்கடலுக்கும் மலைக்கும் இடையிலான குறுகிய வழியில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிகளை இப்படித்தான் எண்ணுகிறார்கள். மெக்சிகோவின் வெராகுரூஸில் ஒரே கூதிர்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேல் எண்ணப்படுகின்றன. அத்தகைய குறுவழி சென்னைச் சமவெளியில் இல்லை. இங்கே பறவைகள் அகலமாகப் பரவி வருவதால், கடந்து செல்பவற்றை எண்ணுவதைவிட வந்து தங்குபவற்றை எண்ணுவதே பயன் தரும். அதற்கு ஏற்ற பொழுது அந்தி.

அந்திக் கணக்கு

பகலில் தனித்தனியே திரியும் பூனைப்பருந்துகள் இரவில் ஓரிடத்தில் கூடித் தங்குகின்றன. மான்டேகுவும் வெளிர்நிறமும் புல்வெளியில் தரையிலேயே அமரும். சேற்றுப் பூனைப்பருந்து சம்பு, கோரைப் புதர்களை நாடும். நீரும் சேறும் சூழ்ந்த புதருக்குள் நரியும் நாயும் எளிதில் புகாது என்பது இந்த இடத்தேர்வின் பயன். பல கிலோமீட்டர் சுற்றளவில் இரை தேடியவை மாலையில் ஒரே இடத்துக்கு வருவதால், பகலில் பிடிபடாத எண்ணிக்கை அந்தியில் பிடிபடுகிறது.

நவம்பர் நடுவில் சென்னையில் சூரியன் மாலை 5.40 அளவில் மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே எண்ணுபவர் தம் இடத்தில் அமைதியாக அமர்ந்துவிட வேண்டும். தங்குமிடத்துக்கு மிக அருகே போகக் கூடாது. நெருங்கினால் பறவைகள் இறங்காமல் வேறிடம் தேடும். அந்த ஒரு மாலையின் இடையூறு அடுத்தடுத்த இரவுகளுக்கும் நீளும். முதலில் வருபவை உடனே இறங்காமல் புதரைச் சுற்றிச் சில சுற்று பறக்கும். சில இறங்கி மீண்டும் எழும். ஆகவே இறங்கியவற்றைக் கூட்டியும் எழுந்தவற்றைக் கழித்தும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதிச் செல்வார்கள். இருட்டி நிறம் மங்கிய பின்பும் வெளிர்வானத்தின் எதிரே உருவம் தெரியும் வரை எண்ணுவது தொடரும். கடைசியில் கிடைக்கும் நிகரத் தொகையே அந்த மாலையின் கணக்கு. மறுநாள் விடியலில், அவை எழுந்து செல்லும்போது இன்னொரு முறை எண்ணினால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இந்த முறையின் பெரும் பாடசாலை குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள வேளாவதர் வெளிமான் தேசியப் பூங்கா. அங்குள்ள புல்வெளியில் 1990களில் ஒரே தங்குமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைப்பருந்துகள் எண்ணப்பட்டன. உலகிலேயே பெரிய பூனைப்பருந்துத் தங்குமிடங்களுள் ஒன்றாக அது அறியப்பட்டது. காலையில் பறவைகள் சென்ற பிறகு, அவை கக்கிவிட்ட உமிழுருண்டைகளை ஆய்வாளர்கள் சேகரித்தார்கள். செரிக்காத எலும்பும் மயிரும் பூச்சி ஓடும் அடங்கிய இந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது வெட்டுக்கிளிகளின் எச்சம் ஏராளமாகக் கிடைத்தது. பூனைப்பருந்து உழவரின் தோழன் என்பதற்கு அது கைச்சான்று.

பிழையை அளப்பது

எந்தக் கணக்கிலும் இரு வகைப் பிழைகள் உண்டு. ஒரு பறவையை இருமுறை எண்ணுவது ஒன்று. இருக்கும் பறவையைக் காணாமல் விடுவது மற்றொன்று. முதலாவதைத் தவிர்க்க, பகல் கணக்கில் மொத்தக் காட்சிகளைக் கூட்டாமல், ஒரே கணத்தில் ஒருசேரக் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை எடுத்துக்கொள்வார்கள். சிறகில் உதிர்ந்த இறகின் இடைவெளி போன்ற தனி அடையாளங்களும் உதவும்.

இரண்டாவது பிழையை அளக்க ஓர் எளிய கணிதம் உண்டு. இருவர் ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, முதலாமவர் 20 பறவைகளையும் இரண்டாமவர் 18 பறவைகளையும் கண்டார்கள் என்று கொள்வோம். குறிப்புகளை ஒப்பிடும்போது 15 பறவைகள் இருவர் கணக்கிலும் பொது என்று தெரிகிறது. இரண்டாமவர் கண்ட 18இல் 15ஐ முதலாமவரும் கண்டிருக்கிறார். அதாவது ஆறில் ஐந்து பங்கைக் காணும் திறன் அவருக்கு இருக்கிறது. அவர் கண்ட 20 என்பது மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு என்றால் மொத்தம் 24. இருவரும் சேர்ந்து கண்டவை 23; இருவர் கண்ணிலும் படாதது ஒன்று. மீன்வளத்தை மதிப்பிடப் பயன்படும் கணக்குமுறையும் இதே அடிப்படையில் எழுந்ததுதான்.

உழைப்பின் அளவையும் எழுதுவது கட்டாயம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் கண்ட 3 பறவைகளும், ஐவர் ஆறு மணி நேரத்தில் கண்ட 3 பறவைகளும் ஒன்றாகா. நின்ற நேரம், நின்றவர் எண்ணிக்கை, பயன்படுத்திய கருவி ஆகியவை இல்லாத எண்ணிக்கையை வேறோர் ஆண்டோடு ஒப்பிட முடியாது. ஒரு பறவையும் வராத நாளின் பதிவும் அதே மதிப்புடையது. வெற்று நாள்களை விட்டுவிட்டு நல்ல நாள்களை மட்டும் எழுதி வைத்தால், ஏரி வறண்டு பறவை குறைந்த ஆண்டும் வளமான ஆண்டைப் போலவே ஏட்டில் தெரியும்.

எண்கள் சொல்லும் செய்தி

நீண்டகாலக் கணக்கு எதைக் காட்டும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஹாக் மலை. கூதிர்காலத்தில் அந்த மலைமுகட்டைக் கடக்கும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் பொழுதுபோக்காகச் சுட்டு வீழ்த்திவந்தார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புகலிடமாக்கினார். காவலராக அமர்த்தப்பட்ட மாரிஸ் புரூன் அந்த ஆண்டிலேயே பறவைகளை எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கையோடு வயதையும் குறித்துவைத்தது அவருடைய நல்ல பழக்கம். 1935 முதல் 1939 வரை அங்கே கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 விழுக்காடாகச் சரிந்தது. 1957இல் 32 வளர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகே இருந்தது. வளர்ந்த கழுகுகள் வந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுகள்தான் பிறக்கவில்லை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிராக இந்தக் கணக்கைச் சான்றாக வைத்தார். டிடிடியின் விளைவால் இரைகொல்லிகளின் முட்டை ஓடு மெலிந்து உடைவது அதற்குப் பிந்திய ஆய்வுகளில் உறுதியாயிற்று. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது.

இந்தியாவின் சான்று நாகாலாந்தின் பாங்தி. தொயாங் நீர்த்தேக்கத்தின் கரையில் கூடும் அமூர் வல்லூறுகள் மீன்வலைகளில் சிக்கவைக்கப்பட்டு இறைச்சிக்காக விற்கப்படுவது 2012இல் வெளிச்சத்துக்கு வந்தது. கொல்லப்பட்டவற்றின் மதிப்பீடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஊர்ச்சபைகளும் தன்னார்வலர்களும் வனத்துறையும் கைகோத்ததன் பலனாக 2013இல் வேட்டை நின்றது. அந்த ஆண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டார்கள். எத்தனை பறவை அழிகிறது என்று எண்ணிச் சொன்னதே அந்த மாற்றத்தின் முதல் அடி.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கையும் வேண்டும். செம்பரம்பாக்கம் போன்ற ஏரி நிரம்பித் ததும்பும் ஆண்டில் சேற்றுமேடுகள் மூழ்கிவிடும், உள்ளான் குறையும், அதைத் தேடும் வல்லூறும் குறையும். அதே ஆண்டில் புதிதாக நீர் தேங்கிய சிற்றேரிகளிலும் வயல்களிலும் அவை பரவியிருக்கும். ஒரே ஏரியின் கணக்கை வைத்துப் பறவை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது தவறாகும். ஆகவே பல ஏரிகளை ஒரே நாளில் எண்ணுவதும், குறைந்தது பத்து ஆண்டுகளேனும் தொடர்வதும் அறிவியலின் தேவை.

தொடரும் பணி

இத்தகைய ஒருங்கிணைந்த முயற்சிகள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தைப்பொங்கல் நாள்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கத்தினர் நகரின் ஈரநிலங்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து எழுதிவருகிறார்கள். தமிழக வனத்துறையும் ஈரநிலப் பறவைகளை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணுகிறது. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வலசை இரைகொல்லிகளைக் காக்கும் பன்னாட்டு உடன்பாட்டில் இந்தியா 2016இல் கையெழுத்திட்டது.

ஆனாலும் நிலைமை ஆறுதல் தருவதாக இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளியான அறிக்கை, முதுகெலும்புள்ள உயிர்களையும் இறந்த உடல்களையும் உண்ணும் பறவைகள் மற்ற உணவு வகையினரைவிட மிகுதியாகச் சரிந்திருப்பதைக் காட்டியது. ஊரறிந்த பறவைப் பார்வையாளர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை ஏறத்தாழ 30,000 பேர் பதிவு செய்த கணக்குகளிலிருந்தே அந்த உண்மை தெரியவந்தது.

மேற்குப் புறநகரில் சரிவின் காரணங்களைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஏரியைச் சுற்றிய தரிசு மனைகளாகிறது. வரத்துக்கால்வாய் கழிவுநீரைக் கொண்டுவருகிறது. ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது. கரையை அழகுபடுத்தும் வேலையில் சம்பும் கோரையும் குப்பை என்று வழித்தெடுக்கப்படுகின்றன. பூனைப்பருந்துக்கு அந்தச் சம்புப்புதர்தான் படுக்கை. ஏரியைத் தூர்வாரும்போது ஒரு மூலையிலாவது சம்பையும் சேற்றுமேட்டையும் விட்டுவைத்தால், 4,000 கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு இரவு தங்க இடம் இருக்கும்.

நூம்பல், பூந்தமல்லி, போரூர், ஆவடி வட்டாரத்தில் ஒரு பள்ளியோ குடியிருப்போர் சங்கமோ தங்கள் ஏரியைத் தேர்ந்து, ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒரு மாலை, அதே கரையில், அதே நேரத்தில் நின்று எண்ணினால் போதும். ஓர் ஆண்டின் ஏடு நினைவுக்குறிப்பு; பத்து ஆண்டுகளின் ஏடு அந்த ஏரிக்கான சாட்சியம். ஏரியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்த ஏடு மேசைமேல் இருக்க வேண்டும்.